ஏட்டில் இல்லாத தொடக்கம்: சதுரங்க மேதை சுல்தான் கான்

தோற்றுவாய்

சதுரங்கம் என்னும் சொல் நான்கு உறுப்புகளை உடையது எனப் பொருள்படும். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையே அந்நான்கு உறுப்புகள். இந்திய மண்ணில் தோன்றிய இவ்விளையாட்டு, பாரசீகத்தில் சத்ரங் எனவும் அரபு நாட்டில் ஷத்ரஞ்ச் எனவும் பெயர் பெற்று, பின்னர் ஐரோப்பா சென்று சேர்ந்தது. அரசனைக் குறிக்கும் ஷாஹ் என்னும் பாரசீகச் சொல்லே திரிந்து ஆங்கிலத்தில் செஸ் என்றும் செக் என்றும் வழங்குகிறது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

அப்பாசியர் காலத்து அறிஞர்கள் இவ்விளையாட்டைக் கலையாகவும் கணக்காகவும் ஆராய்ந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லீயும் பத்தாம் நூற்றாண்டில் அஸ்ஸூலீயும் சதுரங்கம் பற்றித் தனி நூல்கள் யாத்தனர். ஆட்டத்தின் தொடக்கத்தில் காய்களை நிறுத்தும் முறைகளை வகைப்படுத்தி அவற்றைத் தஅபியா என வழங்கினர். படையை அணிவகுத்தல் என்பது அதன் பொருள். இன்றும் உலக ஆட்டக்காரர்கள் நன்கறியப்பட்ட தொடக்க நிலைகளைத் தபியா என்றே குறிப்பிடுகின்றனர்.

தொடக்கம் என்பது சதுரங்கத்தில் தனிக்கல்வி. இன்ன நகர்த்தலுக்கு இன்ன மறுமொழி என்று நூல்கள் வகுத்து வைத்துள்ளன. அந்நூல்களில் ஒன்றையும் படிக்காமல், படிக்கும் மொழியும் அறியாமல், தம் ஊரில் தந்தையிடம் கற்ற முறையோடு இலண்டன் சென்று, அங்கு ஒருமுறையன்று, மும்முறை பேரரசின் வாகையராக விளங்கிய இந்தியர் ஒருவர் உண்டு. அவரே மீர் சுல்தான் கான். அவருடைய வாழ்வை இம்மலரின் வாயிலாக நம் மாணவர் முன் வைப்பது நம் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பிரிக்கப்படாத பஞ்சாபில் உள்ள மிட்டா திவானா என்னும் ஊரில் சுல்தான் கான் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் குஷாப் மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஏறத்தாழ ஒன்பது வயதில் தம் தந்தையாரிடமே சதுரங்கம் பயின்றார். இருபத்தொரு வயதளவில் பஞ்சாபில் அவரை வெல்வார் இலர் என்னும் நிலை எய்தினார்.

நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பக் கலைஞர்களை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அக்கலை, தந்தையின் உளியசைவைக் கண்டு மகன் பயின்று வந்த கலையன்றோ? கண்ணும் கையும் முதலில்; ஏடு பிறகு. சுல்தான் கானின் கல்வியும் அத்தகையதே.

ஆயின் அவர் பயின்ற சதுரங்கம் இன்று நாம் ஆடும் சதுரங்கம் அன்று. அதன் விதிகள் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி அவர் பெற்ற வெற்றியின் அருமை விளங்காது.

இருவகை ஆட்டம்

மேலை முறையில் காலாள் தன் முதல் நகர்த்தலில் இரு கட்டங்கள் பாயலாம். பழைய இந்திய முறையில் ஒரு கட்டமே செல்லும். மேலை முறையில் அரசனையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி அரசனைப் பாதுகாப்பான மூலையில் அமர்த்தலாம். இதனைக் கோட்டை கட்டுதல் என்பர். இந்திய முறையில் அது இல்லை. மாறாக, அரசன் ஒருமுறை மட்டும் குதிரையைப் போலத் தாவலாம். மேலை முறையில் எதிர்க்கரை எய்திய காலாள் ஆட்டக்காரர் விரும்பும் காயாக உயரும். இந்திய முறையில் அது எந்த வரிசையில் கரையேறுகிறதோ, அந்த வரிசைக்கு உரிய காயாகவே உயரும்.

இவை சிறு வேறுபாடுகளாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டத்தின் போக்கையே மாற்ற வல்லவை. காலாள் ஒவ்வொரு கட்டமாக ஊர்வதால் இரு படைகளும் மோதிக்கொள்ள நெடுநேரம் ஆகும். அதுவரை இருவரும் தத்தம் விருப்பப்படி அணிவகுத்துக்கொள்வர். ஆகவே தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்யத் தேவை எழவில்லை. நடு ஆட்டத்தின் சூழ்ச்சியும் இறுதி ஆட்டத்தின் நுணுக்கமுமே வெற்றியை முடிவு செய்தன. மேலை முறையிலோ இரண்டாம் மூன்றாம் நகர்த்தலிலேயே மோதல் தொடங்கிவிடும். அங்குத் தொடக்கத்தில் வழுவினால் பின்னர் எழுவது அரிது. அதனாலேயே அந்நாட்டார் தலைமுறை தலைமுறையாகத் தொடக்கங்களை ஆராய்ந்து நூல்களாகக் குவித்தனர்.

அந்நூல்கள் சுல்தான் கானுக்கு மூடிய கதவுகளாகவே இருந்தன. ஆங்கிலத்தில் அவருக்குப் பயிற்சி மிகக் குறைவு. ஆட்ட அரங்குகளில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டியிருந்தது.

இலண்டன் பயணம்

சர் உமர் ஹயாத் கான் திவானா பஞ்சாபின் பெருநிலக்கிழார், ஆங்கில அரசில் செல்வாக்குடையவர், சதுரங்க ஆர்வலர். அவர் சுல்தான் கானைத் தம் ஆதரவில் வைத்து மேலை முறை ஆட்டத்தைப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். 1928ஆம் ஆண்டு நடைபெற்ற அனைத்திந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றார்.

சர் உமர் 1929 முதல் 1934 வரை இலண்டனில் இந்தியா அமைச்சரின் ஆலோசனை அவையில் உறுப்பினராக இருந்தார். அவருடன் 1929ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் சுல்தான் கானும் கடல் கடந்தார். அங்கு அவருக்காக ஒரு பயிற்சிப் போட்டி நடத்தப்பெற்றது. அதில் அவர் கடைசி இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். குளிர் ஒருபுறம், காய்ச்சலும் தொண்டை நோயும் ஒருபுறம், தொடக்க நூலறிவு இன்மை மற்றொருபுறம். இவர் எங்கே வெல்லப்போகிறார் என்று கண்டோர் கருதியிருப்பின் வியப்பில்லை.

அக்காலத்து ஆங்கிலேய ஆட்டக்காரர்களான வில்லியம் வின்டர், பிரெடரிக் யேட்ஸ் ஆகிய இருவர் அவருக்குத் தொடக்கங்களைக் கற்பித்தனர். சில மாதங்களே கழிந்தன. அதே 1929ஆம் ஆண்டு ராம்ஸ்கேட் நகரில் நடைபெற்ற பிரிட்டிஷ் வாகையர் போட்டியில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். அப்பட்டம் பேரரசின் எல்லா நாட்டினர்க்கும் உரியதாக இருந்தது. ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆளுவோரின் அரங்கில் ஆளுவோரின் விதிப்படியே ஆடி வென்றார். மீண்டும் 1932இலும் 1933இலும் அப்பட்டம் அவரையே அடைந்தது.

காப்பபிளாங்காவை வென்ற ஆட்டம்

கியூபா நாட்டைச் சேர்ந்த ஹோசே ரவுல் காப்பபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வாகையராகத் திகழ்ந்தவர். தோல்வி என்பதையே அரிதாகக் கண்டவர். 1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்த ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவரைச் சுல்தான் கான் எதிர்கொண்டார். வெள்ளைக் காய்கள் சுல்தான் கானிடம் இருந்தன.

ஐந்தாம் நகர்த்தலில் அவர் செய்தது கருதத்தக்கது. நடுக்களத்தில் மோதல் மூளும் வேளையில், அரசியின் பக்கத்து ஓரக் காலாளை ஒரே ஒரு கட்டம் முன்னே நகர்த்தினார். எதிரியின் அமைச்சர் வந்து அமரக்கூடிய கட்டத்தை அச்சிறு காலாள் காத்து நின்றது. தம் ஊர் ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து பழகிய காலாள் அன்றோ அது! பின்னர் அரசன் பக்கத்து ஓரக் காலாளையும் முன்செலுத்தினார். கோட்டை கட்டும் நகர்த்தலை அவ்வாட்டம் முழுவதும் அவர் செய்யவேயில்லை.

இருபத்தோராம் நகர்த்தலில் காப்பபிளாங்காவின் யானை வெள்ளையின் எல்லைக்குள் புகுந்து அரசனைத் தாக்கியது. அரசன் ஒரு கட்டம் முன்னேறி நின்றான். மற்றை யானையும் வந்து தாக்கியது. சுல்தான் கான் தம் அரசியைக் கொடுத்து இரு யானைகளையும் வாங்கிக்கொண்டார். கணக்குப் பார்ப்பின் இம்மாற்று ஏறத்தாழச் சமமானதே. ஆயின் அந்நிலையில் எதிரியின் அரசி உள்ளே நுழைந்து உலவினும் பறிப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளை யானைகளோ திறந்த வரிசையை ஆண்டன. அதன்பின் நாற்பது நகர்த்தல்களுக்கு மேல் அவர் அவசரம் காட்டவில்லை. காலாட்களை ஒவ்வொன்றாக உயர்த்தினார். அரசனை இடம் மாற்றி இடம் மாற்றி அமர்த்தினார். எதிரியின் கை சோரும் வரை காத்திருந்தார். அறுபத்தைந்தாம் நகர்த்தலோடு காப்பபிளாங்கா தோல்வியை ஏற்றுக்கொண்டார். அப்போட்டியில் மாக்ஸ் யூவ முதலிடமும் காப்பபிளாங்கா இரண்டாமிடமும் சுல்தான் கான் மூன்றாமிடமும் பெற்றனர்.

அந்த ஓரக் காலாள் நகர்த்தலின் பிற்கால வரலாறு சுவையானது. 1963 முதல் 1969 வரை உலக வாகையராக இருந்த டிக்ரன் பெட்ரோசியன் அதனை விரும்பிக் கையாண்டார். 1980களின் தொடக்கத்தில் கேரி காஸ்பரோவ் அதனைக் கூரிய படைக்கலமாக ஆக்கினார். இன்று நூல்கள் அதனைப் பெட்ரோசியன் முறை என வழங்குகின்றன. அதே அமைப்பில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவரை அதற்குப் பல்லாண்டுகட்கு முன்பே வென்று காட்டியவர் பெயர் அத்தலைப்பில் இல்லை. வென்றவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தவர்கள் வேறு பெயரிட்டனர். இதில் மாணவர்க்கு ஒரு பாடம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

உலக அரங்கில்

1930ஆம் ஆண்டு ஹாம்பர்க், 1931ஆம் ஆண்டு பிராக், 1933ஆம் ஆண்டு போக்ஸ்டன் ஆகிய மூன்று ஒலிம்பியாடுகளிலும் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் அமர்ந்து ஆடியவர் சுல்தான் கானே. பிராகில் பதினேழு ஆட்டங்களில் எட்டில் வென்று, ஏழைச் சமன் செய்து, இரண்டில் மட்டுமே தோற்றார். அகிபா ரூபின்ஸ்டைன், சலோ புளோர் ஆகியோரை அங்கு வென்றார். அன்றைய உலக வாகையர் அலெக்சாண்டர் அலேகினோடு சமன் செய்தார். 1931ஆம் ஆண்டு சாவியெலி டார்டகோவருடன் நிகழ்ந்த பன்னிரண்டு ஆட்டத் தொடரிலும் வெற்றி அவருக்கே. மறு ஆண்டு புளோருடன் ஆடிய தொடரில் தோற்றார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் ஆடிய ஆட்டங்களை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். தொடக்கத்தில் அவர் பலமுறை இடர்ப்பட்டார். நூலறிவுடையார் எளிதில் தவிர்க்கும் இக்கட்டுகளில் அவர் சிக்கினார். பின்னர் முகத்தில் சலனம் காட்டாமல் நெடுநேரம் அமர்ந்து, இறுதி ஆட்டத்தில் இழந்ததை மீட்டார். தொடக்கத்திற்காக அவர் செலுத்திய விலை மிகுதி.

அதே இல்லத்தைச் சேர்ந்த மிஸ் பாத்திமா என்னும் பெண்மணியையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். 1933ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸில் நடைபெற்ற பிரிட்டிஷ் மகளிர் வாகையர் போட்டியில் அவர் பத்து ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றிலும் தோலாமல் பட்டம் பெற்றார். ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஆடவர் பட்டமும் மகளிர் பட்டமும் இந்திய முஸ்லிம் இல்லம் ஒன்றையே சேர்ந்தன. நம் மாணவியர் இதனை நெஞ்சில் இருத்துக.

மௌனமும் மறைவும்

1933ஆம் ஆண்டின் இறுதியில் சர் உமரோடு சுல்தான் கான் தாயகம் திரும்பினார். 1935ஆம் ஆண்டு காடில்கர் என்னும் ஆட்டக்காரரோடு பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்பதில் வென்று ஒன்றைச் சமன் செய்தார். அதன்பின் உலக அரங்கு அவரைக் காணவில்லை. ஐந்தாண்டுக் காலத்தில் உச்சி தொட்டவர், முப்பது வயதளவில் அரங்கை விட்டு அகன்றார். ஆதரித்தவர் அரங்கிலிருந்து விலகியபோது ஆட்டமும் உடன் விலகியது. அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு கழகமோ நிதியமோ அன்று இந்நாட்டில் இல்லை.

அவரை ஏவலர் என்றே மேலைநாட்டார் பலர் எழுதினர். சர் உமரின் இல்லத்து விருந்தில் அவரே உணவு பரிமாறினார் என்று அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் பைன் பதிவு செய்தார். சுல்தான் கானின் வழித்தோன்றல்கள் இச்சித்திரத்தை மறுக்கின்றனர். அவர் நிலமும் சமய மதிப்பும் உடைய குடியில் பிறந்தவர் என்றும், விருந்தினர்க்குத் தாமே பரிமாறுவது அந்நிலத்துப் பண்பாடு என்றும் எடுத்துரைக்கின்றனர். விருந்தோம்பலை வீட்டார் கடனாகக் கருதும் தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். தம்மைப் பற்றித் தாமே எழுதாதவரைப் பிறர் எழுதும்போது நேரும் இடர் இது.

பாகிஸ்தான் உருவான பின் அவர் தம் நிலத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்தார். தம் மக்களுக்குச் சதுரங்கம் கற்பிக்க அவர் விரும்பவில்லை. வாழ்வில் இன்னும் பயனுள்ள ஒன்றைச் செய்யுமாறே அறிவுறுத்தினார் என்று அவர் மகனார் நினைவுகூர்ந்துள்ளார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் சர்கோதாவில் அவர் மறைந்தார்.

தாமதமாக வந்த பட்டம்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950ஆம் ஆண்டு முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. யூவ, டார்டகோவர், புளோர், ரூபின்ஸ்டைன் ஆகியோர் அப்பட்டியலில் இருந்தனர். அவருள் மூவரைச் சுல்தான் கான் களத்தில் வென்றிருந்தார். அவரோ அப்போது உயிரோடிருந்தும் பட்டியலில் இடம்பெறவில்லை. அரங்கை விட்டு விலகியவர் என்பது காரணமாகுமோ எனின், ரூபின்ஸ்டைனும் 1932இலேயே விலகியவரே. 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கூட்டமைப்பின் தலைவர் பாகிஸ்தான் சென்று சுல்தான் கானுக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்கினார். அவர் மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகவிருந்த வேளை அது.

நம் மாணவர்க்கு

சதுரங்கம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. சூது கலவாமையும் கடமை மறவாமையும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு மனிதர் தமக்கு வாய்த்த அறிவை என்ன செய்தார், உலகம் அதனை என்ன செய்தது என்பதே நம் பொருள்.

இன்று கள்ளக்குறிச்சியில் விடுதி அறையில் அமர்ந்தபடியே நம் மாணவர்கள் கைப்பேசித் திரையில் அயல்நாட்டாரோடு சதுரங்கம் ஆடுகின்றனர். எதிராளியைத் திகைக்க வைக்க வேண்டும் என்றே வழக்கில் இல்லாத தொடக்கங்களை நாடுவோரும் அவருள் உளர். அதில் தவறில்லை. ஆயின் சுல்தான் கானின் தொடக்கம் வித்தைக்காக மேற்கொண்டதன்று. அவருக்குத் தெரிந்த வழி அது. அவ்வழியில் நின்று அவர் எதிரியின் வழியையும் கற்கத் தொடங்கினார்; கற்றபோதும் தம் ஓரக் காலாளைக் கைவிடவில்லை. வெற்றியின் மறைபொருள் இவ்விரண்டும் சேர்ந்ததில் உள்ளது.

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் கோமுகி ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்தும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர்கள் வருகின்றனர். வகுப்பில் அவர்கள் கடைசி இருக்கையை நாடுவதை நாம் கண்டிருக்கிறோம். பிறர் படித்த நூலைத் தாம் படிக்கவில்லையே என்னும் கூச்சமே அதற்குக் காரணம். அவர்கட்கு நாம் சொல்ல விரும்புவது இது: உங்கள் தொடக்கம் ஏட்டில் இல்லாமல் இருக்கலாம்; அதனால் அது தொடக்கம் அல்லாமல் போகாது. இலண்டனில் முதற்போட்டியில் கடைசியில் நின்றவரே அவ்வாண்டு முடியுமுன் முதலில் நின்றார்.

ஆனால் நூல் படியாமையைப் பெருமையாகவும் கொள்ளற்க. சுல்தான் கானுக்கு நூல்களின் கதவு திறந்திருப்பின், தொடக்கத்தில் அவர் பட்ட இடர்களில் பாதியும் நேர்ந்திரா. உங்களுக்கோ அக்கதவு திறந்தே இருக்கிறது. நூலகத்தில் அமர்ந்து படியுங்கள். படித்ததோடு நில்லாமல், உங்கள் பாட்டன் பாட்டியர் அறிந்தவற்றை, உங்கள் ஊர் வழக்குகளை, உங்கள் கைத்தொழில் நுட்பங்களை எழுதி வையுங்கள். எழுதாத அறிவு வேறொருவர் பெயரில் வழங்கும், அல்லது அறிந்தவரோடு மறையும் என்பதற்குச் சுல்தான் கானின் வாழ்வே சான்று.

நிறைவுரை

1961ஆம் ஆண்டு மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988ஆம் ஆண்டு விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடு நடைபெற்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் உலக வாகையரானார். இவர்கட்கெல்லாம் ஆசானும் கழகமும் நூலும் அரசும் ஏதோ ஒரு வகையில் துணை நின்றன. இத்துணைகளில் பெரும்பாலானவை இன்றிப் பஞ்சாபின் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு கட்டமாக நடந்து சென்ற முன்னவர் ஒருவரை நாம் மறவாதிருத்தல் வேண்டும். நம் கல்லூரியிலிருந்து புறப்படும் மாணவர்க்கு அத்துணைகள் யாவும் வாய்க்க இறைவன் அருள்புரிவானாக.